பழைய மரத்துக்கு நாதமும் உண்டு, விலையும் உண்டு

கடையைப் புதுப்பிக்கும்போது நாம் முதலில் கழற்றிப் போடுவது நிரைப்பலகைகளைத்தான். ஷட்டர் வந்த பிறகு பலகை எதற்கு என்று விறகுக் கணக்கில் தள்ளிவிடுகிறோம். மச்சுப் பலகை, உத்திரம், பத்தாயம், கல்லாப்பெட்டி ஆகியவையும் அதே வழியில் போகின்றன. ஆனால் ஏறக்குறைய அதே வயதுள்ள மரத்தால் செய்த கிதார்களை வெளிநாடுகளில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1933 முதல் 1942 வரை செய்த டி-45 வகைக் கிதார்கள் 91 மட்டுமே. அவற்றில் ஒன்று இன்று கைமாறினால் நம் ரூபாய்க் கணக்கில் கோடியைத் தாண்டுகிறது. பழைய மரத்தில் அப்படி என்ன இருக்கிறது? சரக்கின் தரம் பார்த்து விலை சொல்லும் தொழிலில் இருக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய அரிசியும் பழைய மரமும்

அரிசி வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது. புது அரிசி குழையும். ஓராண்டு இருப்பில் கிடந்த அரிசி உதிரியாக வேகும், சோறும் கூடுதலாகக் காணும். மரமும் அப்படித்தான். வெட்டிய மரத்தில் தண்ணீர் அதிகம். அது வற்றும்போது மரம் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். கிதார் செய்வதற்கு மரத்தின் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்க வேண்டும் என்பார்கள்.

ஈரம் வற்றியதோடு காரியம் முடிவதில்லை. மரத்தில் ஹெமிசெல்லுலோஸ் என்றொரு பொருள் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது அதுதான். பல பத்தாண்டுகளில் அது மெல்லச் சிதைகிறது. அதனால் மழைக்காலத்தில் மரம் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் குறைகின்றன. மரத்தின் எடை சற்றுக் குறைகிறது. விறைப்போ அவ்வளவாகக் குறைவதில்லை. லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் பலகை தந்தியின் அதிர்வை எளிதாக வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும். பழைய கிதாரின் கணீரென்ற ஒலிக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இது. இப்போது சில கம்பெனிகள் இத்தனை ஆண்டுகள் காத்திராமல், பிராணவாயு இல்லாத சூளையில் மரத்தைச் சூடேற்றி இதே பக்குவத்தைக் கொண்டுவரப் பார்க்கின்றன.

நம் மலையின் ஈட்டி

கிதாரின் முகப்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரம். முதுகும் பக்கமும் ரோஸ்வுட் அல்லது மகோகனி. மார்ட்டின் நிறுவனம் நெடுங்காலம் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. நல்ல மரம் கிடைப்பது அரிதானதும் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும், நாம் ஈட்டி என்று சொல்லும் மரமே அது. பிரேசில் மரத்தின் உலக வணிகத்துக்கு 1992-ல் தடை வந்தது. பழைய கிதார்களின் விலை ஏறியதற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

விலை பெயருக்கா, பொருளுக்கா?

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகு, பக்க மரம் மட்டும் மாறுபடும் 6 கிதார்களைச் செய்வித்து, எது என்ன மரம் என்று தெரியாதபடி 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் விலை குறைந்த மரங்களுக்கும் அவர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். ஆகவே பழைய கிதாரின் விலையில் மரத்தின் பங்கு ஒன்று, தட்டுப்பாட்டின் பங்கு ஒன்று, பெயரின் பங்கு ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வாங்கும்போதும் ஏமாறமாட்டார், விற்கும்போதும் ஏமாறமாட்டார்.

நரசிங்கம்பேட்டை சொல்லும் பாடம்

பழைய மரத்தின் அருமை அறிந்தவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் காய்ந்த மரம் கடைந்த பிறகு வெடிக்காது, வளையாது. இந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

நம் நிரைப்பலகைகள் எல்லாம் நாளைக்கே வாத்தியமாகிவிடும் என்று சொல்லவில்லை. வாத்தியத்துக்கு ஓட்டம் நேரான, முடிச்சும் ஆணித் துளையும் இல்லாத மரம் வேண்டும். அப்படிப்பட்டது சிலதுதான் தேறும். மற்றவை கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகும். எதுவானாலும் விறகு விலைக்குப் போக வேண்டியதில்லை.

1. கட்டடம் இடிக்க ஒப்பந்தம் பேசும்போது மரத்தை அதில் சேர்க்காமல் தனியாக விலை பேசுங்கள்.

2. நம்பிக்கையான ஆசாரி ஒருவரை அழைத்து, தேக்கு எது, அயினி எது, பலா எது, ஈட்டி எது என்று பிரித்து அடையாளம் போடுங்கள். மொத்தமாகப் பேசாமல், வகைவாரியாகக் கன அடிக் கணக்கில் பேசுங்கள்.

3. கடப்பாரையால் பெயர்க்காமல் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். பிளந்துவிட்ட பலகை பாதி விலைகூடப் போகாது. கரையான் அரித்ததைத் தனியே ஒதுக்குங்கள்.

4. ஈட்டி போன்ற மரங்களைக் கொண்டுசெல்லும் முன் வனத்துறை அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-ல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் தளர்வு கிடைத்தது.

5. தேவாலயப் பாடகர் குழுவுக்கோ பிள்ளைகளுக்கோ பழைய கிதார் வாங்குவோர் வயதை மட்டும் பார்க்க வேண்டாம். இரும்புத் தந்திகள் சுமார் எழுபது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். கழுத்து வளைந்திருக்கிறதா, முகப்பலகை உப்பியிருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பழுது பார்க்கும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.

புளியோ அரிசியோ பழசானால் தரம் பார்த்துத் தனி விலை சொல்கிறோம். நம் கடையைத் தாங்கி நின்ற மரத்துக்கும் அதே கணக்குத்தான்.