கொல்லுவேலை: தொடக்கநிலைப் பயிற்சி

கொல்லுவேலை (கருமான் வேலை) என்பது இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்துக் கருவிகளாக ஆக்கும் தொழில் ஆகும். தமிழகத்தில் இதன் வரலாறு மிகப் பழமையானது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, உருக்குத் தொழில் நடந்ததற்கான உலைகள் கிடைத்துள்ளன. சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி இன்றும் அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆலைக் கத்திகள் பரவியபின் ஊர்ப்பட்டறைகள் குறைந்துவிட்டன. எனவே பொழுதுபோக்காகக் கற்போர், அருகில் பட்டறை இருந்தால் சில நாட்கள் அங்கே பார்த்துப் பழகுவது நல்லது.

தேவையான கருவிகள்

உலை, காற்று ஊதும் துருத்தி அல்லது கைச்சுற்று விசிறி, பட்டடைக்கல், சுமார் 1 கிலோ எடைச் சுத்தியல், குறடு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை போதும். பட்டடையின் மேல்பரப்பு, நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். தண்டவாளத் துண்டைப் பட்டடையாகப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் இரயில்வே பொருளை முறைகேடாக வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாதலால், உரிய ரசீது இன்றி வாங்கக்கூடாது.

எரிபொருள்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்) அருகிலேயே இருந்தாலும், அதை அப்படியே உலையில் இடுவது பயன் தராது. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரமே. வெப்பத்தின் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், புகையும் மிகும். மரக்கரியில் ஈரமும் கந்தகமும் குறைவு என்பதால் தொடக்கநிலைக்கு அதுவே ஏற்றது.

முதல் பயிற்சிகள்

8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென் இரும்புக் கம்பியில் தொடங்கலாம். முனையைக் கூராக்குதல், வளைத்தல், முறுக்குதல் ஆகிய மூன்றும் கைவந்தால் கொக்கி செய்துவிடலாம். வெப்பநிலையை நிறமே காட்டும். மங்கிய சிவப்பில் இரும்பு எளிதில் இளகாது. ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் நன்கு இளகும். வெண்பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள்.

பதமிடுதல்

மென் இரும்பில் கரிமம் குறைவாக இருப்பதால் அதைக் கத்தியாக்கினால் கூர் நிலைக்காது. லாரியின் வில்பட்டை உருக்கில் கரிமம் கூடுதல் என்பதால் அரிவாள் செய்ய அது பயன்படுகிறது. பழுத்த உருக்கைச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். மீண்டும் மிதமாகச் சூடேற்றினால் உறுதி திரும்பும்.

பாதுகாப்பு

* சிவப்பு மறைந்த இரும்பும் தோலைச் சுட்டுவிடும். தொடுமுன் கையை அருகில் காட்டி வெப்பத்தை அறிய வேண்டும்.
* துத்தநாகம் பூசிய குழாய், தகடு, ஆணி ஆகியவற்றை உலையில் இடவே கூடாது. அவற்றின் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.
* கரி உலையிலிருந்து மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வெளியாகும். மூடிய அறையில் வேலை செய்யக்கூடாது.
* கண்ணாடி, பருத்தி உடை, தோல் காலணி கட்டாயம். செயற்கை இழைத் துணி உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.
* சிறுவர்கள் பெரியவர் துணையின்றி உலையருகே செல்லக்கூடாது.