நீர்த் தாவலும் அதிர்ச்சி அலையும்

நாமக்கல் சமவெளியிலே, காவிரியினின்று ராஜவாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்து அணைக்கட்டை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். நீர் வழிந்தோடும் நாளில் அணையின் அடியை உற்றுநோக்குவோமாயின் ஒரு விந்தை புலப்படும். மெல்லிய ஏடுபோல் விரைந்திறங்கும் நீர் திடீரென உயர்ந்து, வெண்ணுரை பொங்க இரைந்து, அப்பால் ஆழமாகவும் மெதுவாகவும் செல்கின்றது. இதனை நீர்த் தாவல் என்போம்.

இதற்குக் காரணம் யாது? ஆழங்குறைந்த நீரிற் சிற்றலை செல்லும் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 10 செண்டிமீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். நீர் அதனினும் விரைந்தோடுமாயின், கீழுள்ள தேக்கத்தின் செய்தியைத் தாங்கி எவ்வலையும் எதிரேறி வர இயலாது. ஆதலின் யாதும் அறியாது வந்த நீர் ஓரிடத்தே ஒருசேர மாறிவிடுகின்றது. காற்றிலும் இவ்வாறே. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அதனினும் விரையும் துப்பாக்கிக் குண்டின் முன்னே காற்றின் அமுக்கமும் அடர்த்தியும் வெப்பநிலையும் நூலிழையினும் நுண்ணிய இடைவெளிக்குள் உயர்ந்துவிடும். அதுவே அதிர்ச்சி அலை.

தொடர்ந்த மாறுதலையே கூறும் சமன்பாடுகள் இத்தாவலிற் செல்லா. எனினும் இருபுறத்துக் கணக்கையும் ஒப்பிடலாம். புகும் நீரும் வெளியேறும் நீரும் அளவில் ஒன்றே. உந்தம் மாறுவதற்கு இருபுறத்து அமுக்க வேற்றுமையே காரணம். இவ்விரண்டையுங் கொண்டு கணித்தால், 10 செண்டிமீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 3 மீட்டர் ஓடும் நீர், ஏறத்தாழ 38 செண்டிமீட்டர் ஆழமாகி, விநாடிக்கு 80 செண்டிமீட்டருக்குங் குறைவாக ஓடும். ஆனால் சக்தியைக் கணக்கிட்டாலோ, கால் பங்கு குறைகின்றது!

இக்குறையே பேரறிஞரையும் மயக்கிற்று. 1848இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டோக்ஸ், வாயுவிலும் இத்தகைய தாவல் நிகழலாமென எழுதினார். சக்திக் கணக்கு ஒவ்வாமையைக் கெல்வினும் ராலேயும் எடுத்துக்காட்டவே, அவர் பிற்காலத்தில் அக்கொள்கையைக் கைவிட்டார். ஆயினும் அவர் முதலிற் கூறியதே மெய். வாயுவினுள் தங்கும் வெப்பத்தையும் கணக்கிற் சேர்த்து அதனை நிலைநாட்டியவர்கள் ராங்கின் (1870), யூகோனியோ (1887) ஆகிய இருவருமாவர். ஓட்டத்தின் சக்தி அழியவில்லை, வெப்பமாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகரும், அதிர்ச்சி அலை செல்லச்செல்ல நலியும் முறையை 1943இல் கணித்து ஆராய்ந்தார்.

அணை கட்டுவோர் இத்தாவல் கற்றளத்தின்மேலேயே நிகழுமாறு அமைப்பர். இல்லையேல் அச்சக்தி ஆற்றுப்படுகையை அரித்து அணையையே சாய்த்துவிடும். ஆகவே, கணக்கு ஒவ்வாதவிடத்துக் கண்ட உண்மையைக் கைவிடாது, எண்ண மறந்தது யாதெனத் தேடுதல் மாணவராகிய நமக்குக் கடனாகும்.