தட்டு அதே சைஸ்தான்... சரக்குதான் வேற!

போன வருஷம் தவணையில் ஒரு 55 இன்ச் டி.வி. வாங்கினேன். (இன்னும் 11 மாசம் பாக்கி. அது தனி சோகக் கதை!) பீளமேட்டு வீட்டு ஹாலில் மாட்டி முடித்ததும் அம்மா கேட்ட முதல் படம் ரஜினி படமும் இல்லை, கமல் படமும் இல்லை.

"அக்கா கல்யாணத்தைப் போடு கண்ணு... உங்கப்பாவைப் பார்க்கோணும்."

1996-ல் நடந்த கல்யாணம். வீடியோ கேசட்டில் இருந்ததை 2003-ல் மூணு வி.சி.டி.யாக மாற்றி, 'இனி எதுக்கு இந்தக் குப்பை?' என்று கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட புத்திசாலி நான்தான். அப்பா இப்போது இல்லை.

படம் ஓடியது. மணவறைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். அதுக்கு மேலே பழுப்பாக ஒரு கட்டம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "இதுல உங்கப்பா எது கண்ணு?"

மறுநாள் அரைநாள் லீவு. காந்திபுரத்தில் தெரிந்த கடைக்காரரிடம் தட்டுகளை நீட்டினேன். "இதைப் பளிச்சுனு ஆக்க முடியுங்களாண்ணா?"

"தட்டுல இல்லாததை நான் எங்கிருந்துங்க கொண்டு வர்றது?" என்றவர், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

வி.சி.டி.யில் படத்தின் அளவு 352-க்கு 288. அதாவது சுமார் 1 லட்சம் புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி. என்றால் 1920-க்கு 1080. 20 லட்சத்துக்கும் மேல்! ஒரு புள்ளியை இழுத்து இருபது புள்ளி இடத்தை அடைத்தால் அப்பா கட்டமாகத்தான் வருவார்.

எல்லாம் நூல் கவுண்ட்தான்!

"வி.சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே மூணுமே ஒரே 12 சென்டிமீட்டர் தட்டுதானேண்ணா? அதெப்படி ஒண்ணுல மட்டும் இவ்வளவு அடங்குது?"

"கோயமுத்தூர்க்காரரா இருந்துட்டு இதைக் கேட்கலாமுங்களா? நூல் மெலிசா இருந்தா இன்ச்சுக்கு எத்தனை இழை போடலாம்? அதேதானுங்க!"

இங்கே நூல் என்பது லேசர் ஒளி. சி.டி.க்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 780 நானோமீட்டர். டி.வி.டி.க்குச் சிவப்பு, 650. ப்ளூ-ரேக்கு நீல ஊதா, 405. ஒளி மெலிய மெலிய, தட்டில் தடங்களும் நெருக்கமாகின்றன. சி.டி.யில் இரண்டு தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரான், ப்ளூ-ரேயில் 0.32 மைக்ரான். ஒரு தடம் இருந்த இடத்தில் ஐந்து! புள்ளிகளும் சின்னதாகிவிட்டதால் 700 எம்.பி. இருந்த தட்டில் 25 ஜி.பி. அடங்குகிறது. இரண்டு அடுக்கு என்றால் 50.

நீல ஒளிக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் ஷுஜி நகமுரா. நீல எல்.ஈ.டி.க்காக 2014-ல் நோபல் பரிசு வாங்கியவர். கண்டுபிடித்தபோது கம்பெனி கொடுத்தது வெறும் 20,000 யென்தானாம். (இன்க்ரிமென்ட் லெட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நண்பர்களே, கவனிக்கவும்!) கோர்ட் படியேறி, 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசமானது.

மூணு மணி நேரப் படம்

நம் படங்களோ மூணு மணி நேரம். பாட்டு, ஃபைட்டு எல்லாம் சேர்த்து அதை 4.7 ஜி.பி. டி.வி.டி.யில் திணித்தால் வினாடிக்குச் சுமார் 3.5 மெகாபிட்தான் தேறும். 50 ஜி.பி. ப்ளூ-ரேயில் அதே படத்துக்கு 37 வரை கொடுக்கலாம். மழை, புகை, இருட்டு, திருவிழாக் கூட்டம்... இந்த இடங்களில்தான் வித்தியாசம் பல்லை இளிக்கும். சத்தமும் அப்படியே, துளியும் குறைக்காமல் வைக்க இடம் இருக்கிறது.

பழைய படத்துக்கு இதெல்லாம் எதுக்கு என்கிறீர்களா? 1954-ல் நம்ம கோவை பக்ஷிராஜா தயாரித்த 'மலைக்கள்ளன்' மாதிரிப் படங்கள் 35 எம்.எம். பிலிமில் எடுத்தவை. நல்ல பிலிமில் டி.வி.டி. காட்டுவதைவிட எவ்வளவோ நுணுக்கம் உண்டு.

"அதான் ஓ.டி.டி.யில எல்லாம் வருதேண்ணா?"

"வருதுங்க. போகவும் போகுதுங்களே! உரிமம் முடிஞ்சா நீங்க பாதி பார்த்த படம்கூடக் காணாமப் போயிரும். அலமாரியில இருக்கற தட்டை எவன் வந்து எடுப்பான்?"

நியாயம்தான். அங்கே ஹெச்.டி. படம் பெரும்பாலும் வினாடிக்கு 5 மெகாபிட் சுமாருக்கு இறுக்கித்தான் வருகிறது.

ஆனால் தட்டுக்கும் இறங்குமுகம்தான். 2007 வாக்கில் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் கொடுத்துக் கலக்கிய மோசர் பேயர் கம்பெனியைக் கலைக்க 2018-ல் உத்தரவானது. வீட்டில் பதிவு செய்யும் ப்ளூ-ரே தட்டு தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. வேறு கம்பெனித் தட்டுகள் இருக்கின்றன. அதனால் தட்டில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடத்தில் வைப்பதே உசிதம்.

நரை தெரியுது!

அப்பா கட்டம் கட்டமாகவேதான் இருக்கிறார். அதை எந்த லேசரும் திருத்தாது. ஆனால் அக்கா மகள் கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தபோது தாய்மாமன் நான் உஷார்! வீடியோ எடுத்தவர், "லிங்க் அனுப்பிட்டேனுங்க, முப்பது நாள்ல அழிஞ்சிரும்" என்றார். அன்று ராத்திரியே இறக்கினேன். ஃபுல் ஹெச்.டி., நாலு மணி நேரம், 43 ஜி.பி. டி.வி.டி. என்றால் பத்துத் தட்டு. இரண்டு அடுக்கு ப்ளூ-ரேயில் ஒன்றே போதும். இரண்டு காப்பி போட்டு, ஒன்றை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். சீர் செய்த செலவோடு இதுவும்!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மணவறைக்குப் பக்கத்தில் அம்மா. பட்டுச்சேலை ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது.

"ஏங் கண்ணு, எனக்கு இத்தனை நரையா? இதையெல்லாமா காட்டுவாங்க?"

"காட்டட்டும்மா... ஒவ்வொண்ணும் தெரியட்டும்" என்றேன்.