கீழாநெல்லி: வரப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்கு

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கம் அன்று ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்பது "மருந்து குடிச்சாச்சா?" என்றுதான். மருந்தென்றால் கீழாநெல்லி. மழைக்குப் பின் வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும். வேரோடு பிடுங்கி அலசி, அம்மியில் மைய அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, கறி கூடாது. பெரும்பாலும் குணமாகிவிடும். தண்ணீரால் பரவும் ஏ வகைக் காமாலை, சில வாரங்களில் தானே இறங்கிவிடுகிற நோய். பேர் என்னவோ செடிக்குப் போனது.

செடியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடும் 2011-ல், நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது. விளம்பரக்காரர்களுக்குப் பிடித்தது கதையின் முதல் பாதி மட்டும்.

இன்று பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி வகைகளுக்குச் சிகிச்சை இலவசம். பச்சிலை மட்டும் போய்விடவில்லை. அதைக் கொடுக்கிறவர்தான் மாறிவிட்டார். அன்று அவர் பக்கத்துத் தெருக்காரர். வயிறு வீங்கியிருந்தால், "இது நம்ம கையில இல்ல, ஜிப்மருக்குக் கொண்டு போங்க" என்று சொல்லக்கூடியவர். தப்பானால் மறுநாள் ஊர் முகத்தில் விழித்தாக வேண்டுமே! வாட்ஸ்அப் வைத்தியருக்கு அந்தக் கவலை கிடையாது. சர்க்கரை, புற்று, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். சர்க்கரையையோ புற்றையோ குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அங்கே குடித்தது இன்னது என்றாவது தெரிந்தது. முகவரியில்லாத பாட்டிலில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா, ஈயம் கலந்திருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நடுவில் இன்சுலினை நிறுத்தியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.