பிறர் நோவு தீர்க்கும் கை

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நெல்லே வாழ்வு. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர் கல்லணையைக் கடந்து கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பரவும் நாளை எதிர்நோக்கி, உழவர் குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் நிலத்தைப் பண்படுத்துவர். உழவு முடிந்ததும் நடவு தொடங்கும். விடியற்காலையில் சேற்றில் இறங்கும் மகளிர் உச்சிப்பொழுது வரையில் குனிந்தவாறே நாற்று நடுவர். இக்காலத்தில் நடவு இயந்திரங்கள் பல வயல்களுக்கு வந்துவிட்டன. எனினும் களையெடுப்பும் வரப்புவேலையும் முதுகை இன்னும் வளைக்கவே செய்கின்றன.

பகலெல்லாம் உழைத்த உடல் இரவில் நோகும். அப்பொழுது வீட்டிலுள்ள ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, நோகின்ற காலையும் முதுகையும் பிடித்துவிடுவார். பிடித்தல், நீவுதல், உருவுதல், அமுக்குதல் எனத் தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு. ஒரு செயலுக்குச் சொற்கள் பலவாயின், அச்செயல் மக்கள் வாழ்வோடு நெடுங்காலம் கலந்தது என்று நாம் அறியலாம்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. என் தந்தையைப் பெற்ற பாட்டியார் இளமை முதல் நடவு நட்டவர். முதுமையில் அவருடைய கால்கள் இரவு முழுதும் குடைந்தன. என் அன்னையார் அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்து, நாள்தோறும் அக்கால்களைப் பிடித்துவிடுவார். "இன்னும் கொஞ்சம் அழுத்தம்மா" என்பார் பாட்டியார். அன்னையாரும் கட்டைவிரல் நுனியை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துவார். இவ்வாறு பல ஆண்டுகள் சென்றன. பாட்டியார் மறைந்த பிறகுதான், அன்னையாரின் வலக் கட்டைவிரலடி புடைத்திருப்பதை நாங்கள் கண்டோம். ஈரத்துணியைப் பிழியவும், குடத்தின் கழுத்தைப் பற்றித் தூக்கவும் அவரால் இயலவில்லை. அவர் பிடித்த கால்களைப் பற்றி உறவினர் யாவரும் வினவினர். பிடித்த கையைப் பற்றி ஒருவரும் வினவவில்லை.

அக்கை ஏன் அவ்வாறு ஆயிற்று? பிறர் நோவைத் தணிப்பவர் தமக்கு நோவு வாராமல் அத்தொண்டைச் செய்ய இயலாதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கையால் உடலைப் பிடித்து நோய் தணிக்கும் முறையைச் சித்த மருத்துவம் 'தொக்கணம்' என்று பெயரிட்டு வழங்குகிறது. சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகள் 32 வகை. உடலின் வெளியே செய்யும் மருத்துவமும் 32 வகை. அப்புற மருத்துவ வகைகளுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். உளுந்துத் தைலம் முதலிய எண்ணெய்களைக் கொண்டு இதனைச் செய்வதுண்டு. வாத நோய்களுக்கே இது பெரிதும் பயன்படும்.

மருத்துவத்தை ஆராய்ந்து பேணியதில் தஞ்சைக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். நம் நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் அங்கே ஒருங்கே ஆராயப்பட்டன. அங்குத் தொகுக்கப்பட்ட மருத்துவ முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரால், பின்னாளில் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடுகளாக வந்தன. இன்று சித்த மருத்துவத்தை முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய நிறுவனமும் உள்ளன.

கையின் ஆற்றலை அறிந்தவர் நம் நாட்டினர் மட்டும் அல்லர். சப்பான் நாட்டில் 'சியாட்சு' என்னும் முறை ஒன்று உண்டு. விரலழுத்தம் என்பதே அச்சொல்லின் பொருள். அதனைப் பரப்பியவருள் முதன்மையானவர் தோக்குசிரோ நமிக்கோசி என்பவர். அவர் 1905-இல் பிறந்து 2000 வரை வாழ்ந்தார். அவர் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் மூட்டு நோயால் துன்புற்றார். தாயின் நோவைத் தணிக்கத் தம் சிறு கைகளால் அழுத்தி அழுத்திப் பழகியதே அவர் கற்ற முதற் பாடம். பின்னர் 1940-இல் தோக்கியோ நகரில் அவர் ஒரு கல்லூரியை நிறுவினார். வீட்டில் தாய்க்குச் செய்த தொண்டு, நாட்டில் ஒரு கல்வியாக வளர்ந்தது.

தொக்கணத்தில் எண்ணெய் பெரிதும் பயன்படும். சியாட்சுவில் எண்ணெய் இல்லை. நோயாளர் மெல்லிய ஆடையுடன் தரையில் விரித்த மெத்தையின்மேல் படுத்திருப்பார். அழுத்துபவர் அவர் அருகில் மண்டியிட்டு அமர்ந்து உள்ளங்கையாலும் விரல்களாலும் அழுத்துவார். முதலில் உள்ளங்கையால் அழுத்தி, தசை எங்கே இறுகியுள்ளது என்று அறிதல் வேண்டும். பின்னர் அவ்விடத்தில் விரலை வைத்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல எடுத்தல் வேண்டும். நோயாளர் மூச்சை வெளியே விடும்போது அழுத்துதல் நன்று. அப்போது தசைகள் தளர்ந்திருக்கும். "அழுத்தம் போதுமா? நோகிறதா?" என்று இடையிடையே கேட்டலும் இக்கலையின் ஒரு கூறேயாகும். எவ்வளவு வன்மையாக அழுத்துகிறோமோ அவ்வளவு நன்மை உண்டு என்று எண்ணுதல் பிழை.

இனி, அழுத்தும் ஆற்றல் எங்கிருந்து வருதல் வேண்டும் என்று பார்ப்போம். உழுத வயலைச் சமன்செய்யும் பரம்படிப்பை நினைவுகூர்வோம். மாடுகள் பரம்புப் பலகையை இழுத்துச் செல்லும். உழவர் அதன்மேல் நிமிர்ந்து நிற்பார். அவர் தம் கையால் மண்ணை அழுத்துவதில்லை; அவர் நிற்கும் நிலையும் அவருடைய எடையுமே மேட்டை அமிழ்த்திப் பள்ளத்தை நிரப்புகின்றன. அதனால்தான் பகல் முழுதும் பரம்படித்தாலும் அவர் கை சோர்வதில்லை. சியாட்சுவின் நுட்பமும் இதுவே. தோளைத் தளர்த்தி, கையை ஏறத்தாழ நேராக வைத்து, இடுப்பிலிருந்து உடலை முன்சாய்த்தால், உடலின் எடை தோள்வழியே இறங்கி விரலை அடையும். கூடுதல் அழுத்தம் வேண்டின் கூடுதலாகச் சாய்தல் வேண்டும். குறைக்க வேண்டின் பின்வாங்குதல் வேண்டும். முழங்கையை மடக்கி, மூச்சை அடக்கி, விரலின் வலிமையால் மட்டும் அழுத்துவோர் விரைவில் களைப்பர். என் அன்னையார் செய்தது அதுவே.

கட்டைவிரல் ஏன் எளிதில் கெடுகிறது? மனிதனின் ஒவ்வொரு கையிலும் 27 எலும்புகள் உள்ளன. மற்ற விரல்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று எலும்புகள், கட்டைவிரலுக்கு இரண்டே. அதன் அடிமூட்டு, குதிரைச் சேணத்தின்மேல் மற்றொரு சேணத்தைக் கவிழ்த்தாற்போல் அமைந்தது. அதனால்தான் கட்டைவிரல் பல பக்கமும் திரும்பி, மற்ற விரல்களை எதிர்கொண்டு பற்ற வல்லதாயிற்று. எனினும், எங்கும் திரும்பும் மூட்டு உறுதியில் குறைந்தே இருக்கும். நாம் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, விரல்நுனியில் தோன்றும் விசை அடிமூட்டில் 12 மடங்கு வரை பெருகும் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். நுனியை ஊன்றி நாள்தோறும் அழுத்தினால், மூட்டில் எலும்புகளை மூடியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேயும். மூட்டு புடைத்து நோகும்.

மணிக்கட்டுக்கும் இத்தகைய இடர் உண்டு. விரல்களை மடக்கும் தசைகளுட் பெரும்பாலன முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் ஒன்பது, மணிக்கட்டில் உள்ள ஓர் இடுக்கு வழியாக விரல்களை அடைகின்றன. ஒரு நரம்பும் அவ்வழியே செல்கிறது. மணிக்கட்டை மிக வளைத்துக்கொண்டு நெடுநேரம் அழுத்தினால், அந்நரம்பு நெருக்குண்டு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப்போகும்.

ஆதலின் பிறர் உடலைப் பிடிப்போர் தம் உடலைக் காக்கும் நெறிகளை முதலிற் கற்றல் வேண்டும். கட்டைவிரலின் நுனியை ஊன்றாமல், அதன் சதைப்பற்றுள்ள பகுதியையே பதித்தல் வேண்டும். மற்ற நான்கு விரல்களும் விரிந்து உடலின்மேல் படிந்து, கட்டைவிரலுக்குத் துணைநிற்றல் வேண்டும். ஒரே விரலை ஓயாது வருத்தாமல், உள்ளங்கைக்கும் முன்கைக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். தரையில் அமர்ந்து செய்யும்போது முழங்கால்களை அகற்றி வைத்து, முதுகை வளைக்காது, நோயாளரை நெருங்கி அமர்தல் நன்று. கட்டிலின் அருகே நின்று செய்வதாயின், தொங்கவிட்ட கையின் விரல் முட்டிகள் படும் உயரத்தில் கட்டில் இருத்தல் ஏற்றது.

தொடங்குமுன் நகத்தைக் களைந்து, கைகளைக் கழுவி, விரல்களை விரித்தும் மடக்கியும் பதப்படுத்திக்கொள்க. ஒருவரைப் பிடித்து முடித்தபின் சற்றே இளைப்பாறி மற்றொருவரிடம் செல்க. முடிந்தபின் மீண்டும் கைகளைக் கழுவுக. கட்டைவிரலடியில் நோவு, விரல்கள் மரத்துப்போதல், பிடி தளர்தல் ஆகிய குறிகள் தோன்றினால், பொறுத்துக்கொண்டு தொடர்தல் பெருமையன்று. வேலையை நிறுத்தி மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை. 'இன்று இயலாது' என்று சொல்லக் கற்றலும் இத்தொண்டின் பகுதியே.

எவரை எப்பொழுது பிடித்தலாகாது என்பதையும் அறிதல் வேண்டும். காய்ச்சல் உள்ளபோதும், எலும்பு முறிந்த இடத்திலும், புண்ணின்மீதும், தொற்றும் தோல்நோய் உள்ள இடத்திலும் பிடித்தல் கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடேறி நோகுமாயின், அதனைத் தொட்டு அமுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். குருதிக்குழாயினுள் குருதி உறைந்திருக்கக்கூடும். அமுக்கினால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிருக்கே கேடு செய்யலாம். நீரிழிவால் உணர்வு குன்றிய கால், அழுத்தம் மிகுந்ததை உணர்த்தாது. கருவுற்ற மகளிரையும், எலும்பு மெலிந்த முதியோரையும், குருதி உறையாதிருக்க மருந்துண்போரையும் மருத்துவரின் இசைவின்றிப் பிடித்தல் தகாது. சித்தர் மரபில் 108 எனக் கூறப்படும் வருமநிலைகளைத் தொடுவதும், கழுத்தை முறுக்குவதும் பயின்ற ஆசான்களுக்கே உரியன. பிடித்தல் நோவைத் தணிக்கும். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஆறுதல் தரும். எல்லா நோயையும் அது தீர்க்கும் என்பார் சொல்லை நம்புதல் கூடாது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், அவனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நான்கனுள் இரண்டு, பிறருக்காக உழைக்கும் மனிதர்கள் என்பது கருதத்தக்கது. பிடித்துவிடும் தொண்டிலோ கையே மருந்தாகவும் நிற்கிறது. மருந்து கெட்டால் மாற்று மருந்து தேடலாம். கை கெட்டால் எங்கே தேடுவது? பேணுபவரும் பேணப்பட வேண்டியவரே என்பதை மறந்த வீட்டில், ஒருவர் நோவு தீர மற்றொருவர் நோவு தொடங்கும்.

மாணவர்களே, இன்று இரவு உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் மற்றொருவருக்குக் கால் பிடித்துவிடலாம். அப்பணியை அவர் ஒருவருக்கே விட்டுவிடாது, நீங்களும் முறைவைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். கையை நேராக வைத்து, உடலைச் சாய்த்து, மெல்ல அழுத்துங்கள். வேலை முடிந்ததும், நாள்தோறும் பிடித்துவிடுபவரின் கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், "நோகிறதா?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அக்கேள்வியைக் கேட்க நாங்கள் பல ஆண்டுகள் தாமதித்துவிட்டோம்.