வங்காலைப் பறவைகளும் புதிய கமராவும்

மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கிலும் உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பும், அதையொட்டிய வங்காலைச் சரணாலயமும், ஆண்டுதோறும் ஒக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளால் நிறைகின்றன. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின்கீழ், வங்காலை 2010இல் பட்டியலிடப்பட்டது. பூநாரை, ஊசிவால் வாத்து, ஆலா ஆகியவற்றைப் படமெடுக்க இங்கு வருவோரில் பழைய டிஜிட்டல் கமராவை இன்றும் வைத்திருப்போர் உண்டு. அதை மாற்றினால் உண்மையில் கிடைப்பது என்ன என்பதற்கு, விளம்பரங்களைவிட இந்தக் கடற்கரையே தெளிவான விடை தருகிறது.

2003இல் வெளிவந்த கெனன் 300டி கமராவையும் 2022இல் வந்த ஆர்7ஐயும் எடுத்துக்கொண்டால், ஒளியைப் பதிவுசெய்யும் உணரியின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் மிகச்சிறு புள்ளி, 63 இலட்சத்திலிருந்து 3 கோடியே 25 இலட்சமாக, ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. ஆனால் இப்பெருக்கம் நீளத்துக்கும் அகலத்துக்கும் பகிரப்படுவதால், ஒரே வில்லையில் சட்டக அகலத்தின் பத்தில் ஒரு பங்கை நிரப்பும் பறவைக்குப் பழையதில் சுமார் 307 பிக்சல்களும் புதியதில் சுமார் 696 பிக்சல்களும் கிடைக்கின்றன. அதாவது இரண்டேகால் மடங்கு மட்டுமே. காலில் மாட்டிய அடையாள வளையத்தின் எழுத்தைப் படிக்க முயல்வோருக்கு இது பயன்தான். மன்னாரில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்ட ஹியூக்ளின் கடற்காகம் ஒன்று ஆர்க்டிக் பகுதிவரை சென்று திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கும் நிலையில், பறவையின் பயணத்தை அறிய உதவும் வளையம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் வெறும் அழகுப்பொருளன்று.

எனினும் வெயில் ஏறியதும் உப்புவெளியிலிருந்து எழும் வெப்பக்காற்று ஒளியை அலைக்கழிப்பதால், தொலைவிலுள்ள பூநாரையின் கால்கள் நெளிந்து தெரிகின்றன; பிக்சல் கூடினால் அந்த நெளிவுதான் பெரிதாகத் தெரியும், எந்தக் கமராவாலும் அதை நீக்க முடியாது. ஆகவே படமெடுக்க உகந்தது விடியற்காலை, புதிய கமராவின் பெறுமதி புலப்படுவதும் அப்போதே. பறக்கும் ஆலாவை உறையவைக்க ஒரு நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளியை அனுமதிக்கலாம் என்பதால், மங்கிய வெளிச்சத்தில் உணரியின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பெரிதும் உயர்த்த நேர்கிறது. 300டியின் எல்லை 1600; அதுவும் படம் முழுதும் மணல் தூவியதுபோல் புள்ளிகளோடு வரும். புதியதில் 6400கூடப் பயன்படுத்தத்தக்கதாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் குவியத்தில் நிகழ்ந்தது. பழைய கமரா சட்டகத்தில் ஏழு இடங்களில் மட்டுமே தெளிவைத் தேடி, நொடிக்கு இரண்டரைப் படம் வீதம், நான்கு படங்களோடு மூச்சுவாங்கி நின்றுவிடும். புதியதோ பறவையின் கண்ணைத் தானே இனங்கண்டு, அது திரும்பினாலும் விடாமல் தொடர்ந்து, ஒளியைத் திறந்து மூடும் இயந்திரத் திரையுடன் நொடிக்குப் பதினைந்து படங்கள் எடுக்கிறது. சத்தமில்லாத மின்னணுத் திரையில் இவ்வேகம் இரட்டிப்பாகும், ஆனால் உணரி வரிவரியாக வாசிக்கப்படுவதால் விரைந்து அடிக்கும் சிறகு வளைந்து பதிவாகிவிடும். விற்பனையாளர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

பழைய வில்லைகளை இணைப்பு வளையத்தின் மூலம் புதிய உடலில் பொருத்த முடியும் என்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. கையிலிருப்பது குட்டை வில்லை மட்டுமே என்றால், முதற்பணம் நீண்ட வில்லைக்கே போகவேண்டும். பூநாரைக் கூட்டத்தை நெருங்கிக் கலைக்காமல் தொலைவிலிருந்தே படமெடுக்க அதுவே வழி. வில்லையை மாற்றும்போது, உப்பும் மணலும் சுமந்துவரும் காற்றில் தாம்போதியில் நின்று அதைக் கழற்றாமல் வாகனத்துக்குள் கழற்றுவது நல்லது: ஒளியைத் திருப்பும் உட்கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராக்கள் பலவற்றில் வில்லையை எடுத்ததும் உணரி நேரே காற்றுக்கு வெளிப்பட்டுவிடுகிறது.