பெர்லில் ஆப்ஜெக்ட் உருவாகும் விதம்

பெர்ல் மொழியில் கிளாஸுக்கென்று தனி இலக்கணம் நெடுங்காலம் இருந்ததில்லை. லாரி வால் 1987-இல் வெளியிட்ட இந்த மொழிக்கு 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஆப்ஜெக்ட் வசதி வந்தது. அப்போதும், முன்பே இருந்த பேக்கேஜ் கிளாஸ் ஆயிற்று. அதற்குள் எழுதும் சப்ரூட்டின் மெத்தட் ஆயிற்று. புதிதாக வந்தவற்றுள் முக்கியமானது, ஒரு தரவு எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று முத்திரையிடும் பிளெஸ் ஃபங்ஷன்.

கன்ஸ்ட்ரக்டரும் சாதாரண சப்ரூட்டின்தான். அதற்கு 'நியூ' என்று பெயர் வைப்பது வழக்கமே தவிர விதியல்ல. 'கணக்கு' என்ற கிளாஸின் வழியே நியூவை அழைத்தால், அந்த கிளாஸின் பெயரே முதல் ஆர்க்யுமென்டாக வந்து சேரும். பெயர், இருப்பு போன்ற மற்ற விவரங்களைக் கன்ஸ்ட்ரக்டர் சரிபார்த்து ஒரு ஹேஷில் நிரப்பும். பின்பு ஹேஷின் ரெஃபரன்ஸையும் கிளாஸ் பெயரையும் பிளெஸ்ஸிடம் கொடுத்து, கிடைக்கும் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும். முத்திரை விழுவது ரெஃபரன்ஸின் மீதன்று, அது சுட்டும் ஹேஷின் மீது. ஆகவே அதே ஹேஷைச் சுட்டும் வேறெந்த ரெஃபரன்ஸ் வழியாகவும் மெத்தட்களை அழைக்கலாம்.

பலரும் சறுக்கும் இடம் பிளெஸ்ஸின் இரண்டாவது ஆர்க்யுமென்ட். அதை விட்டுவிட்டாலும் நிரல் ஓடும்; பிளெஸ் எழுதப்பட்ட பேக்கேஜின் பெயரை பெர்ல் தானே எடுத்துக்கொள்ளும். 'கணக்கு' தனியாக இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. அதிலிருந்து 'சேமிப்புக் கணக்கு' என்ற துணை கிளாஸ் பிறந்து, தாய் கிளாஸின் நியூவையே பயன்படுத்தும்போதுதான் பிழை தலைகாட்டும். உருவாகும் ஆப்ஜெக்ட் 'கணக்கு' ஆகவே இருக்கும். வட்டி கணக்கிடும் மெத்தட்டை அழைத்தால் அப்படியொரு மெத்தட் இல்லை என்று நிரல் நின்றுவிடும். வந்த கிளாஸ் பெயரை அப்படியே பிளெஸ்ஸுக்குக் கொடுப்பதே இதற்கு மருந்து. மரபுரிமைக்கு இடம் தரும் எந்த கிளாஸிலும் இதைத் தவிர்க்க முடியாது.

ஹேஷின் உள்ளிருப்பை வெளியிலிருந்து யாரும் தொடலாம். அதிலுள்ள விவரத்தின் பெயருக்கு முன் அடிக்கோடு இட்டால் 'தொடாதே' என்று பொருள், அவ்வளவே. கன்ஸ்ட்ரக்டரையும் பிறவற்றையும் இப்படிக் கையால் எழுதும் வேலையைக் குறைக்க 2006-இல் மூஸ் என்ற மாட்யூல் வந்தது. 2023-இல் வெளியான 5.38 பதிப்பு, சோதனை நிலையில், கிளாஸையும் ஃபீல்டையும் மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அங்கே நியூவை பெர்லே அமைத்துத் தருகிறது. அறியாத பெயரில் விவரம் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. அத்தகைய கிளாஸின் பெயரில் பிளெஸ் செய்யவும் அனுமதியில்லை.